காவல்காரனை விசாரித்த சுபோதினி

சுபோதினி ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கத் தொடங்கினால், அந்த மாப்பிள்ளைக்கே தெரியாத சங்கதிகள் எல்லாம் வெளியில் வந்துவிடும். எங்கே படித்தான், என்ன வேலை என்பதோடு நிற்கிற ஆள் இல்லை அவள். வாடகைக்கு இருந்த வீட்டை விட்டுப் போகும்போது வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துக் கதைத்தானா, வேலை செய்கிற கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டை யாரோடு இருந்து சாப்பிடுகிறான், தாயோடு ரெலிபோனில் கதைக்கும்போது குரல் உயர்கிறதா, இதெல்லாம் அவளுக்கு வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டு ஹோலில் இருந்தபடியே லண்டனையும் ரொறொன்ரோவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். கலியாணம் பேசித் தருகிறவர்கள் கொழும்பில் தடக்கி விழுந்தால் ஒருவர் இருக்கிறார்கள். ஆனால் சுபோதினி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்ற பேர் அவள் ஒருத்திக்குத்தான்.

இவ்வளவு விசாரிக்கிறவள் ஒன்றை மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். பேர் சொல்லாமல் வருகிற கோல். நிச்சயார்த்தம் நெருங்குகிற நேரம் பார்த்து எவனோ ஒருவன் ரெலிபோன் எடுத்து, 'அந்தப் பொடியன் குடிக்கிறவன்', 'அந்தப் பிள்ளைக்கு வலிப்பு' என்று சொல்லிவிட்டு வைப்பானே, அந்தக் கோல். எரிச்சல் பிடித்த சனங்களின் வேலை என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். தாய்மார் பயந்தால் தன் கதையைச் சொல்லுவாள்.

"எனக்கும் வந்ததக்கா. கலியாண எழுத்துக்கு முந்தின கிழமை. சித்தப்பா வீட்டுப் போனை நான்தான் எடுத்தனான். தடிமன் பிடிச்ச குரல். 'தங்கச்சி, அந்த மாப்பிள்ளை மகா கஞ்சன், யோசிச்சுச் செய்யுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டான். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. அதைக் கேட்டிருந்தால் இண்டைக்கு இந்த மனுசன் எனக்குக் கிடைச்சிருப்பாரோ?"

கேட்கிற தாய்மார் அந்த மனுசனைத் திரும்பிப் பார்ப்பார்கள். தவநேசன் கிழிந்த பெனியனோடு, யாரும் இல்லாத அறையில் சுற்றுகிற காற்றாடியை நிற்பாட்டப் போய்க்கொண்டிருப்பார். ஒரு தேயிலைப் பையில் இரண்டு பேருக்கு ஊற்றுகிறவர். வந்த கவர்களைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி ஒட்டித் திரும்பப் பாவிக்கிறவர். காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று வரும்போது, தான் பாவித்த குட்டைப் பென்சில்களையும் கொண்டுவந்தவர். சுபோதினிக்கும் தெரியும், கோலில் சொன்னது பச்சை உண்மை. ஆனால் சொன்னவனின் நோக்கம் கெட்டது என்பது அவளுடைய கட்சி.

கொட்டாஞ்சேனை மாக்ரெட்டின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்ற செய்தி வந்தபோதுதான் முதல்முறையாக அவளும் பயந்தாள்.

மாக்ரெட்டும் கலியாணம் பேசுகிறவள். அவள் வேதக்காரர் பக்கம், இவள் சைவக்காரர் பக்கம் என்று கொழும்பைப் பாகம் பிரித்துக்கொண்டு, ஒருத்தி காணிக்குள் மற்றவள் கால் வைக்காமல், நல்ல சிநேகிதமாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் போனது என்றால் பழுதாகவில்லை. அதற்குள் இருந்த பெண்பிள்ளைகளின் படங்கள், மாக்ரெட்டுக்கு எப்போதாவது ஈமெயில் போட்ட அத்தனை பேருக்கும் தன்பாட்டில் பறந்துவிட்டன. ஹெந்தளையில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிற ஒருவருக்கும் போயிருக்கிறது. அவர் நல்ல மனுசன், "ஓர்டர் எண்டு நினைச்சுத் திறந்திட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று பதில் எழுதியிருந்தார்.

சுபோதினி துக்கம் விசாரிக்கப் போகிறமாதிரி ஒரு வெளிர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, பிஸ்கட் பெட்டியும் கையுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். மாக்ரெட் வீட்டில் கம்ப்யூட்டரை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

"எப்பிடி நடந்தது?" என்றாள் சுபோதினி, குரலைத் தாழ்த்தி.

"நான் ஒண்டும் செய்யல்ல சுபோ. ஒஸ்ரேலியா இஞ்சினியர் ஒருத்தர்ட விபரம் ஈமெயில்ல வந்திச்சு. நல்ல பொடியன். சொந்த வீடு. சீதனம் ஒரு சதம் வேணாமாம். திறந்தேன். அவ்வளவுதான்."

"வைரஸுக்குக் காவல் ஒண்டும் போட்டு வைக்கேல்லையே?"

"போட்டிருந்தேனே. இன்டர்நெட்ல சும்மா குடுத்தாங்க, எடுத்துப் போட்டேன். அது கத்தித்தான் கத்திச்சு. எப்பப் பாத்தாலும் 'காசு கட்டு, காசு கட்டு' எண்டு கத்துறதால நான் கவனிக்கல்ல."

சுபோதினி கவலையோடு தலையை ஆட்டினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. குற்றம் காவலில்தான். சும்மா கிடைத்த காவல் வேறு எப்படி இருக்கும்? அந்த இஞ்சினியரைப் பற்றி அவள் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றமுதலே ரெலிபோன் அடித்தது. மங்கையற்கரசி ரீச்சர்.

ரீச்சர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் சாம்பவி பல் வைத்தியர். ரீச்சர் ஒன்று சொன்னால் கோயில் வீதியைச் சுற்றி வருகிற அத்தனை தாய்மாரும் கேட்பார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்.

"சுபோதினி, கொட்டாஞ்சேனைக் கதை கேள்விப்பட்டன்," என்றார் ரீச்சர். "ஞாயிற்றுக்கிழமை நான் வருவன். உம்மட கம்ப்யூட்டருக்கு என்ன காவல் எண்டு எனக்குக் காட்டும். சரியில்லாட்டில் என்ர பிள்ளையின்ர படத்தை அழிச்சுப்போட்டுத்தான் போவன். மற்றத் தாய்மாருக்கும் அதையேதான் சொல்லுவன்."

ரெலிபோனை வைத்துவிட்டுச் சுபோதினி கதிரையில் இருந்துவிட்டாள். ஹோல் மூலையில் அந்தக் கம்ப்யூட்டர், மகன் மெல்பேர்னுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதற்குள்தான் அவளுடைய பிழைப்பு முழுவதும். எத்தனை பிள்ளைகளின் படங்கள், குறிப்புகள், எத்தனை குடும்பங்களின் வெளியில் சொல்ல முடியாத சங்கதிகள். 'உங்கட பிள்ளையின்ர படம் நான் சொல்லாமல் என்ர வாசல் தாண்டாது' என்று ஒவ்வொரு தாயின் கையையும் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் படத்தை எடுத்தால் எல்லாரும் எடுப்பார்கள். பிறகு சுபோதினி சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

மற்ற நாள் காலையிலேயே காலிக்குப் போகிற பெரிய வீதியில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருக்கிற ஹபீஸிடம் போனாள். மாப்பிள்ளை விசாரிக்கப் போகும்போது எடுத்துப் போகிற கைப்பையோடு போனாள்.

"அன்டி, ரெண்டு வகை ஈக்கி," என்று தொடங்கினான் ஹபீஸ். "சும்மா கெடைக்கிறது, சல்லி குடுத்து வாங்குறது."

"பொறும் தம்பி. காசு வேண்டாம் எண்டு வாறவர் எந்த ஊர்?"

"ஊரா?"

"எந்த ஊர்க் கொம்பனி?"

"அது... ஐரோப்பாவுல ஒரு குளிர் நாடு. இப்ப அந்தக் கம்பனிய அமெரிக்காவுல இன்னொரு கம்பனி வாங்கிட்டு."

"அப்ப ரெண்டாந்தாரம்." கைப்பைக்குள்ளிருந்து வெற்றிலைக்குப் பதிலாக ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "காசு வேண்டாம் எண்டால் அவைக்கு என்ன வருமானம்?"

"வெளம்பரம் காட்டுவாங்க. 'இன்னும் நல்லாப் பாத்துக்கொள்றேன், சல்லி கட்டு' எண்டு அடிக்கடி கேப்பாங்க. செல கம்பனி நாங்க எங்க போறோம், என்ன பாக்குறோம் எண்ட வெவரத்த எடுத்து வெளிய குடுத்ததாகவும் கத ஈக்கி."

"வீட்டுக்கதையை வெளியில சொல்லுறவர்." அவள் மனதில் ஒரு பெயர் வெட்டுப்பட்டது. "காசு கேக்கிறவரைச் சொல்லும்."

காசு கேட்கிறவர் பெரிய இடத்துப் பிள்ளை. வைரஸைப் பிடிப்பதோடு பாஸ்வேர்ட்டைப் பூட்டி வைப்பார், பிள்ளைகள் கண்டதைப் பார்க்காமல் தடுப்பார், ஐந்து கம்ப்யூட்டரை ஒரேயடியாகப் பார்த்துக்கொள்வார். சுபோதினிக்கு இருப்பதோ ஒரு கம்ப்யூட்டர். சின்னப் பிள்ளைகளும் இல்லை. அதோடு வருசா வருசம் காசு கட்ட வேண்டுமாம்.

"கலியாணம் முடிஞ்ச பிறகும் வருசத்துக்கு ஒருக்கால் சீதனமோ!"

"அன்டி, நான் ஒண்டு செல்லட்டா? மூணாவது ஒண்டு ஈக்கி. கம்ப்யூட்டரோடயே சேந்து வந்தது. அது ஏற்கனவே உங்கட ஊட்டுலதான் ஈக்கி. வேற ஒண்டு போட்டதும் அது ஒதுங்கிக்கொள்ளும். அதுவே..."

"வீட்டோட மாப்பிள்ளை," என்று சுபோதினி கையை உயர்த்தி நிற்பாட்டினாள். "ஆர் மதிப்பினம்? ரீச்சருக்கு நான் என்னெண்டு சொல்லுறது, ஏற்கனவே மூலைக்குள்ள கிடந்ததெண்டோ? வேண்டாம் தம்பி. காசு போனாலும் பரவாயில்லை, பெரிய இடமே செய்வம்."

ஹபீஸ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆனால் ஒரு சம்பந்தத்தை முடிவு செய்த சுபோதினியை மறித்துக் கதைத்து வென்றவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் வழக்கு நடந்தது.

"சும்மா இருக்கிறதை விட்டுப்போட்டு ஏன் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறீர்?" என்றார் தவநேசன். "கம்ப்யூட்டரோட வந்ததே காணும், அதுவே போதும் எண்டு பேப்பரிலயும் போட்டிருந்தது."

"பழைய பேப்பராய் இருக்கும். நீங்கள் புதுப் பேப்பர் எங்கை வாங்கிறனீங்கள்? ரீச்சர் வரப்போறா. எனக்குப் பேர்தான் முக்கியம்."

காசை எண்ணி அவர் கையில் கொடுத்து, "சனிக்கிழமை ஹபீஸிட்டைப் போய் நல்லதாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவைத்தாள். காசை அவர் கையில் கொடுத்தது அவள் வாழ்க்கையில் செய்த பெரிய புத்தியீனம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அதெல்லாம் தெரியவில்லை.

சனிக்கிழமை தவநேசன் போனார், வந்தார், பின்னேரம் முழுவதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் வியர்வை வழிய இருந்தார். கடைசியில், "ஆச்சு. இனி எதையும் புதிசாய் உள்ளுக்கு விடுறதெண்டால் பாஸ்வேர்ட் கேக்கும். பாஸ்வேர்ட் என்னட்டை இருக்கு," என்றார்.

திரையின் ஒரு கரையில் சின்னதாக ஒரு கேடயம், அதற்கு மேலே பச்சையில் சரி அடையாளம். சுபோதினிக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பிள்ளைகளின் நகம் பார்க்கிற மாதிரி அந்தக் கேடயத்தைப் பார்த்தார்.

"காசு குடுத்து வாங்கினதோ?"

"காசு குடுத்துத்தான் ரீச்சர். இவர்தான் போய் வாங்கினவர்."

தவநேசன் அந்த நேரம் பார்த்துக் கேத்தில் கொதித்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார்.

சாம்பவியின் படம் தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் நாலு தாய்மார் சுபோதினியைத் தேடி வந்து கதைத்தார்கள். 'காசு குடுத்து வாங்கின காவல்' என்று அவளும் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கால் நிலத்தில் படவில்லை.

லண்டன் டொக்டர் வந்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் தேத்தண்ணியோடு ஈமெயிலைத் திறந்தால், கும்பிட்ட தெய்வம் நேரில் வந்த மாதிரி ஒரு கடிதம். 'கொட்டாஞ்சேனை மாக்ரெட் அவர்களிடம் தங்கள் பெயரைப் பெற்றேன்' என்று தொடங்கியது. மகன் லண்டனில் டொக்டர். சொந்த வீடு. சைவம். கந்தசஷ்டி விரதம் தவறாமல் பிடிக்கிறவர். பெண் வைத்தியத் துறை என்றால் மெத்தச் சந்தோசம். சீதனம் பற்றிய கதையே வேண்டாம். படமும் குறிப்பும் இத்துடன் இணைப்பில்.

சுபோதினி இணைப்பைத் திறக்கக்கூட இல்லை, ரீச்சருக்கு ரெலிபோன் எடுத்துவிட்டாள். "ரீச்சர், சாம்பவிக்கெண்டே செய்து வைச்ச மாதிரி ஒண்டு வந்திருக்கு!"

எப்போதும் இரும்பு மாதிரிக் கதைக்கிற ரீச்சரின் குரல் அன்றைக்கு இளகிவிட்டது. "உண்மையாவோ சுபோதினி? மத்தியானம் எடுக்கிறன். விபரமெல்லாம் பாத்து வையும்." மகளுக்கு வயது ஏறுகிறது என்று ரீச்சர் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த 'உண்மையாவோ'வில் எல்லாம் இருந்தது.

சுபோதினி இணைப்பைத் தட்டினாள். பச்சைக் கேடயம் சிவப்பானது. இந்தக் கோப்பு ஆபத்தானது, தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தது. திரும்பத் தட்டினாள். திரும்பவும் அதேதான்.

அவளுக்கு முகம் சுருங்கியது. இந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். நல்ல சம்பந்தம் ஒன்று பொருந்தி வருகிற நேரம் எங்கிருந்தோ ஒருவன், பேர் இல்லை, ஊர் இல்லை, காரணமும் சொல்லமாட்டான், 'அந்தப் பொடியன் கூடாதவன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். காசு கொடுத்து வாங்கின காவல்காரனும் கடைசியில் கலியாணம் குழப்புகிறவனாகத்தான் இருக்கிறான்!

எப்படியாவது திற என்று ஒரு பொத்தான் தெரிந்தது. அதை அமத்தினாள். பாஸ்வேர்ட் கேட்டது.

"இஞ்சாருங்கோ! பாஸ்வேர்ட்டைச் சொல்லுங்கோ!"

தவநேசன் வந்து திரையைப் பார்த்தார். சிவப்பைக் கண்டதும், "தரமாட்டன்," என்றார்.

"என்ன?"

"அது கூடாதெண்டு சொல்லுது. நீர் திறக்க வேண்டாம்."

"அது என்னத்தைக் கண்டது? டொக்டரோ, இல்லையோ எண்டு அதுக்குத் தெரியுமோ? மத்தியானம் ரீச்சர் எடுப்பா. நான் என்ன சொல்லுறது?"

"மாக்ரெட்டிட்டைக் கேட்டனீரோ?"

"மாக்ரெட்டின்ர பேரை அதிலேயே போட்டிருக்கினம், பிறகென்ன கேள்வி? பாஸ்வேர்ட்டைத் தாங்கோ!"

தவநேசன் மாப்பிள்ளை வீட்டார் மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபோதினிக்கு ஏறிவிட்டது.

"பேர் சொல்லாதவன் சொல்லுறதையெல்லாம் கேட்டுப் பயப்பிடுறவள் நான் இல்லை! அப்பிடிப் பயந்திருந்தால் அண்டைக்கு அந்தத் தடிமன்காரன்ர கோலைக் கேட்டு உங்களை வேண்டாம் எண்டு விட்டிருப்பன். அப்ப நீங்கள் எங்கை இருந்திருப்பியள்?"

தவநேசன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபித்துக்கொண்டுவிட்டார் என்று சுபோதினி நினைக்கும்போதே அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. திரையில் 'இவர்' என்று விழுந்தது.

எடுத்தாள். "உள்ளுக்கு இருந்துகொண்டு என்ன கோல்? விசர் பிடிச்சிட்டுதே?"

அந்தப் பக்கம் ஒரு தொண்டைச் செருமல். பிறகு ஒரு குரல் கேட்டது. தடிமன் பிடித்த குரல்.

"தங்கச்சி, அந்த மாப்பிள்ளை மகா கஞ்சன். யோசிச்சுச் செய்யுங்கோ."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை சுபோதினி போனைக் காதோடு பிடித்தபடி அசையாமல் நின்றாள். அதே குரல்தான். அதே சொற்கள், 'மகா' என்பதில் அதே அழுத்தம். எத்தனை தாய்மாருக்கு எத்தனை தரம் அந்தக் குரலை நடித்துக் காட்டியிருப்பாள்!

"நீங்களோ?" என்றாள் மெதுவாக.

"ஓம்." குரல் இப்போது அவருடையதாகவே இருந்தது. வாயைப் பொத்தியிருந்த லேஞ்சித் துண்டை எடுத்திருக்க வேண்டும். "கண்டியில வேலை செய்யேக்க, கடைத்தெருவில இருந்த ரெலிபோன் கொம்யூனிக்கேஷனில இருந்து எடுத்தனான்."

"ஏன்? என்னைப் பிடிக்கேல்லையோ?"

"உம்மட படத்தைப் பாத்த பிறகுதான் எடுத்தனான். நல்லாச் சிரிச்சுக்கொண்டு நிண்டீர். என்ர குணம் எனக்குத் தெரியும் சுபோ. காசைக் கண்டால் கை மடங்கிப் போயிடும். சின்னனில சாப்பாட்டுக்கு அந்தரப்பட்டது, அது என்னை விட்டுப் போகேல்லை. தரகர் உமக்குச் சொல்லமாட்டார். என்ர அம்மா சொல்லமாட்டா. நீர் தெரியாமல் வந்து, பிறகு ஒரு மூலையில இருந்து அழக்கூடாது எண்டு நினைச்சன். நேரில சொல்லத் துணிவு இல்லை."

சுபோதினி மூடின அறைக் கதவைப் பார்த்தாள். கூடாதவன், எரிச்சல் பிடித்தவன் என்று இவ்வளவு காலமும் அவள் வாய் ஓயாமல் திட்டின மனுசன், இந்த உலகத்திலேயே அவளுக்கு நல்லது நினைத்த ஒரே ஆளாக இருந்திருக்கிறான். அவனோடுதான் அவள் குடும்பமும் நடத்தியிருக்கிறாள்.

"அப்ப பேர் சொல்லாமல் சொல்லுறவன் எல்லாம் கெட்டவன் எண்டில்லை," என்றது போன். "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கேளும்."

"ம்."

"இன்னொண்டும் சொல்லவேணும். கோபிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"அந்தக் காவல் காசு குடுத்து வாங்கினதில்லை. கம்ப்யூட்டரோட வந்ததுதான்."

"என்ன?" சுபோதினியின் சத்தம் போனுக்குத் தேவையே இல்லாமல் கதவுக்கு ஊடாகவே போயிருக்கும். "ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்! ரீச்சருக்கு முன்னால என்னைப் பொய்க்காரியாக்கிப் போட்டியளே! காசு எங்கை?"

"கேளும், கேளும். ஹபீஸ் சொன்னவன், உங்கட வீட்டுக்கு அந்தக் காவலே காணும், அதை ஒழுங்காய் வேலை செய்ய விட்டாச் சரி, காசைக் கொண்டுபோய் ஒரு டிஸ்க்கில போடுங்கோ எண்டு. எப்பிடிக் கள்ளன் வந்தாலும் பிள்ளையளின்ர படமும் குறிப்பும் தொலையாமல் இருக்க, எல்லாத்திலையும் ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். வெள்ளிக்கு வெள்ளி எடுக்கிறன். டிஸ்க் அலுமாரிக்குள்ள, உம்மட கூறைச்சேலைக்குக் கீழை இருக்கு. நீர் அதைத் தொடமாட்டீர் எண்டு தெரியும்."

அவள் பதில் சொல்ல முன்னம், "கோலுக்குக் காசு ஏறுது," என்று அவர் வைத்துவிட்டார்.

சுபோதினி மூக்கைச் சிந்திவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தாள். மாக்ரெட்டுக்கு எடுத்தாள்.

"நானா? நான் ஒருத்தருக்கும் உன்ட பேரைக் குடுக்கல்லியே சுபோ! கம்ப்யூட்டர் இன்னும் துணிக்குக் கீழதான் கிடக்கு. ஐயோ, அவனுகள் என்ட அட்ரஸ் எல்லாத்தையும் எடுத்திட்டானுகள் எண்டு சொன்னாங்களே! சுபோ, உனக்கு வந்தவனுக்கும் சொந்த வீடா?"

"சொந்த வீடுதான்."

"சீதனம்?"

"வேண்டாமாம்."

"யேசுவே," என்றாள் மாக்ரெட்.

சிவப்புக் கேடயம் தடுத்த இடத்திலேயே நின்றது. சாம்பவி, சாம்பவிக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகள். பாஸ்வேர்ட் மட்டும் கையில் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் ஹெந்தளைச் சவப்பெட்டிக் கடைவரை போயிருப்பார்கள். மாப்பிள்ளையின் தாத்தா வரைக்கும் விசாரிக்கிற அவள், காவல்காரனைக்கூட ஊர் பேர் கேட்டு விசாரித்த அவள், வாசலில் வந்து நின்ற கள்ளனை ஒரு கேள்வி கேட்கவில்லை. சீதனம் வேண்டாம் என்றதும் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் ரீச்சரின் கோல் வந்தபோது, என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வாயில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் வந்தது.

"ரீச்சர், நான் சுபோதினி கதைக்கிறன்," என்றாள். "காலமை சொன்ன லண்டன் மாப்பிள்ளை வேண்டாம். அப்பிடி ஒரு ஆளே இல்லை. கள்ளன்ர வேலை. விசாரிக்க முந்தி உங்களுக்குச் சொல்லி ஆசை காட்டினது என்ர பிழை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னொண்டு. அந்தக் காவலும் காசு குடுத்து வாங்கினதில்லை. கம்ப்யூட்டரோட சும்மா வந்தது. எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும். ஆனால் அதுதான் கள்ளனைப் பிடிச்சது. நீங்கள் படத்தை எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

படத்தை எடுக்கத்தான் போகிறார் என்றே சுபோதினி முடிவு கட்டிவிட்டாள்.

"சுபோதினி," என்றார் ரீச்சர் கடைசியில். குரலில் காலையில் இருந்த இளக்கம் இல்லை. களைத்துப்போன, ஆனால் நேரான குரல். "எத்தினை தரகர் வந்து போயிட்டினம். ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் எண்டு எனக்குச் சொன்ன முதல் ஆள் நீர்தான். பிள்ளையின்ர படம் அங்கையே இருக்கட்டும். காவல்காரரை மாத்த வேண்டாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தவநேசன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னும் அந்த லேஞ்சி. மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் எங்கே இருப்பது என்று தெரியாத பொடியன் மாதிரி நின்றார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் சுபோதினி. "அண்டைக்குக் கண்டியில இருந்து எடுத்த கோலுக்கு ஆர் காசு குடுத்தது?"

"ஆர் குடுக்கிறது? நான்தான்."

"எவ்வளவு?"

யோசிக்காமல் சதக் கணக்கோடு சொன்னார். சொல்லிவிட்டு, இன்னும் அந்தக் காசு உள்ளே எங்கோ கடித்துக்கொண்டிருப்பதுபோல, "இரவில எண்டால் அரைவாசிக் காசுதான்," என்றார்.

"பிறகேன் இரவுவரைக்கும் பாத்திருக்கேல்லை?"

தவநேசன் லேஞ்சியை நாலாக மடித்தார்.

"பொறுக்கேலாமல் இருந்தது," என்றார்.

சுபோதினி எழும்பிப் போய்க் காற்றாடியை முழு வேகத்தில் போட்டாள். தவநேசன் அதை அண்ணாந்து பார்த்தார். நிற்பாட்டப் போகவில்லை.